ஒருக்கா வந்த காய்ச்சல்

1

“அம்மாள் வருத்தமும் இதும் ஒண்டோ பிள்ளை?”

ஒன்பது வருடங்களுக்கு முன் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அம்மாள் வருத்தம் என்றால் எங்கள் ஊரில் அம்மை நோய். திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில், காய்ச்சலில் கிடந்த அப்பாவுக்கு அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய கொத்தமல்லித் தண்ணீர். அவருக்குப் பின்னால் என் அக்கா தவமணி பையைக் கட்டி முடித்து, குச்சவெளி பஸ்ஸுக்குப் போகத் தயாராக நின்றாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அக்காவுக்கு ஏழு வயதானபோதும் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இரண்டு வயதுக் குழந்தையான என்னைத் தூக்கி வைத்திருக்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில்: “உங்களுக்கு இதெல்லாம் விளங்காது அம்மா.”

சரியான விடை எனக்குப் போன மாதம்தான் கிடைத்தது. இங்கே, இங்கிலாந்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டில்.

2

ஊரிலிருந்து எழுதுபவர்கள் எல்லோரும் கேட்பது, அங்கே என்ன வேலை என்பதுதான். அச்சாகி ஊருக்கு வரப்போகும் இந்தக் குறிப்புகளில் சொல்கிறேன். நான் முட்டை பார்க்கிறேன்.

விலங்கியலில் பட்டம் எடுத்து, புலமைப்பரிசில் ஒன்றில் மூன்று வருடங்களுக்கு முன் இங்கே வந்தேன். இன்புளுவென்சா என்ற காய்ச்சலின் வைரஸை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் பயிற்சி. அந்த வைரஸை வளர்க்க அடைவைத்த கோழிமுட்டைதான் நல்ல இடம். காலையில் இருட்டறைக்குள் போய், முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கின் முன் பிடிப்பேன். ஓட்டுக்குள் சிவப்பு இரத்தக்குழாய்கள் தெரியும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது அசைந்தால் குஞ்சு உயிரோடு இருக்கிறது. அந்த முட்டையில் துளையிட்டு வைரஸை ஏற்றி, மெழுகால் அடைத்து இரண்டு நாள் வைத்தால், அதற்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடும்.

முதல் வாரம் எங்கள் தலைவி பக்கத்தில் நின்று, “உயிரோடு இருக்கிறதா?” என்று கேட்கக் கேட்க, நான் பழக்க தோசத்தில், ஊரில் ஆம் என்பதற்குச் சொல்கிற மாதிரி, “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டே போனேன். பதினைந்தாவது முட்டையில் அவர் மெதுவாகக் கேட்டார், “உங்கள் சமயத்தில் ஒவ்வொரு முட்டைக்கும் மந்திரம் சொல்ல வேண்டுமா?” அவர் கேலி செய்யவில்லை. அக்கறையோடுதான் கேட்டார். அதற்குப் பிறகு இந்த நாட்டுக்காரரின் சொல்லையே சொல்லப் பழகினேன். இப்போது ஊர்க்காரர் யாராவது தொலைபேசியில் பேசினாலும் அந்தச் சொல்தான் முதலில் வாய்க்கு வருகிறது.

அம்மாவின் கடிதங்களை அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை அம்மா சொல்லச் சொல்ல எழுதுவாள். ஒன்றில் இப்படி வந்தது: “பட்டம் எடுத்துப் போட்டு முட்டை பாக்கவோ போனவள் எண்டு இஞ்சை ஆக்கள் கேக்கினம். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. நீ சாப்பிடுறனியோ?”

என் கடிதங்களை வாசித்துக் காட்டுவதும் அதே பிள்ளைதான். அம்மாவுக்கு நான் எழுதும் எதையும் அம்மாவுக்கு முன் அவள் தெரிந்துகொள்வாள். அதனால் ஒன்பது வருடமாகச் சொல்ல வேண்டியிருக்கும் ஒன்றை நான் எழுதவில்லை. இது ஒரு சாட்டுத்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

3

நான் அறை எடுத்திருப்பது ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில். வீட்டுக்காரி ஊரில் படிப்பித்தவர் என்பதால் நானும் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுகிறேன். அவரது மகள் சுபாவுக்கு ஏழு வயது. ரீச்சர் தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். மூன்று வருடம் முன்பு நான் வந்தபோது பாதித் தமிழ் இருந்தது. இப்போது “பசிக்குது”, “அன்ரி”, “வேண்டாம்” மூன்றும்தான் மிச்சம்.

போன மாதம் சுபாவுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டது. ரீச்சர் கதவில் ஒரு கொப்பைச் செருகினார். வேப்பிலைக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு வேலியில் முறித்த ஏதோ இலை. சுபா கட்டிலில் கிடந்தபடி தாயைப் பார்த்து, அது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து மரம், நாய் வந்து நிற்கிற இடம் என்றாள். ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

“வாயைப் பொத்து. அம்மாள் கேட்டுக்கொண்டு நிக்கிறா.” பிறகு என்னிடம் திரும்பினார். “உமக்கு முந்தி வந்ததோ?”

“சின்னனில வந்தது ரீச்சர்.”

“அப்ப பிரச்சினை இல்லை. ஒருக்கா வந்தால் திரும்ப வராது. நான் வேலைக்குப் போகவேணும், நீர் லீவு போட்டுப் பிள்ளையோட இரும்.”

ஒருக்கா வந்தால் திரும்ப வராது. அதைக் கேட்டதும் என் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஒரு வீட்டில் அம்மாள் வந்தால், முன்பு வந்து மாறியவரைத்தான் பராமரிக்க அழைப்பார்கள். அக்காவின் நெற்றியிலும் தோளிலும் கொப்பளிப்பான் தழும்பு இருந்தது. அதனால் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொப்பளித்தாலும், “தவமணியைக் கூப்பிடு” என்பார்கள். அக்கா போவாள், கஞ்சி பருக்குவாள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவாள், அவளுக்கு ஒன்றும் வராது. எழுத்தறியாத அக்காவுக்கு ஊரில் இருந்த மரியாதை அது.

நானும் சுபாவோடு நான்கு நாள் இருந்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை. கொப்பளிப்பானில் அந்தச் சொல் உண்மைதான்.

4

எனக்குப் பதின்மூன்று வயதில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. அப்பாவும் அம்மாவும் தொற்றாமல் தப்பினார்கள். நானும் அக்காவும் படுத்தோம், எழும்பினோம். நாலு வருடம் கழித்து மறுபடி ஒன்று வந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுக்க, “கப்பல் காய்ச்சல்” என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் அப்பாவும் படுத்தார்.

செய்தி கேட்டு அக்கா குச்சவெளியிலிருந்து ஓடிவந்தாள். அவள் புருசன், எங்கள் அத்தான், அங்கே மீன்பிடித் தொழில். “பாத்துப்போட்டு உடனே திரும்பி வா” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வந்த அடுத்த நாளே அம்மாவும் அவளைத் துரத்தினார்.

“பிள்ளைத்தாச்சி இஞ்சை நிக்கக் கூடாது. நான் பாப்பன். நீ பஸ்ஸுக்குப் போ.”

“உங்களால ஏலாது அம்மா. நீங்களே இருமிக்கொண்டு நிக்கிறியள்.”

அம்மா துறைமுகக் கிட்டங்கியில் சிந்திய தேயிலை கூட்டுபவர். அந்தத் தூசியில் அவருக்கு எப்போதும் இருமல். அக்கா பையைக் கையில் தூக்கினாள். வாசல் வரை போனாள். திரும்பி, புத்தகத்தோடு இருந்த என்னைப் பார்த்தாள்.

“நீ சொல்லடி. நீதானே படிச்சனி. நான் நிக்கட்டோ, போகட்டோ?”

எனக்கு அந்தக் கணம் எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாயில் கிடந்த அப்பா உட்பட. அந்த வாரம்தான் நோயெதிர்ப்புப் பாடம் முடிந்திருந்தது. உடம்பு ஒருமுறை கண்ட கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் என்று கொப்பியில் எழுதியிருந்தேன். ஊர் வழக்கமும் அதையே சொல்லியது. இரண்டையும் சேர்த்தேன்.

“உனக்கு முந்தியே இந்தக் காய்ச்சல் வந்திட்டுது அக்கா. ஒருக்கா வந்தது திரும்ப வராது. அம்மாள் மாதிரித்தான். நீ நிண்டு பார், அம்மாதான் கவனமா இருக்கவேணும்.”

அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

“விடுங்கோ அம்மா, அவள் கொப்பி பாத்துச் சொல்லுறாள்.”

பையை அவிழ்த்து, தன் சேலையை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில், மூச்சு எடுக்க ஏலாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது வேற என்னவோ” என்றாள். அப்போதுகூட நான் பிழை விட்டதாக அவள் நினைக்கவில்லை. அன்று பின்னேரம் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு.

அப்பா எழும்பிவிட்டார்.

5

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று, அத்தான் முற்றத்தில் நின்று அம்மாவைக் கேட்டார். சத்தம் போடவில்லை.

“மாமி, நான் உடனே அனுப்பச் சொல்லித்தானே விட்டனான். ஆர் மறிச்சது?”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா முந்திவிட்டார்.

“நான்தான் தம்பி. எனக்குக் கைக்கு ஆள் வேணுமெண்டு நான்தான் மறிச்சனான்.”

“பிள்ளைத்தாச்சியையோ?”

“ஓம்.”

அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவே இல்லை. இரண்டு வருடம் முன் அப்பா செத்தபோதும் வரவில்லை. சந்தையில் அம்மாவைக் கண்டால் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடுவாராம். குச்சவெளியில் அவருடைய ஆட்கள் அம்மாவுக்கு வைத்த பெயர், புருசனைக் காப்பாற்ற மகளைக் கொடுத்தவள்.

அன்று அத்தான் போன பிறகு, அம்மா அரிசி கழுவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“நீ வாயைத் திறக்கப்படாது. என்னை ஏசினால் நான் தாங்குவன். உன்னை ஏசினால் நீ படிப்பை விட்டிடுவாய். சோதினைக்கு இன்னும் ஒரு மாதம்தானே கிடக்கு.”

சோதினை எழுதினேன். பாஸ் பண்ணினேன். பட்டம், புலமைப்பரிசில், விமானம் எல்லாமே அந்த முற்றத்தில் நான் பேசாமல் நின்றதன் மேல் கட்டியவை.

இங்கே புலமைப்பரிசிலை நீடிக்க ஒவ்வொரு வருடமும் படிவம் நிரப்ப வேண்டும். உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. முதல் வருடம் ஒன்று என்று எழுதினேன். அடுத்த வருடம் இல்லை என்று எழுதினேன். அலுவலகப் பெண் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதில் எது சரி?” என்றாள். இரண்டும் சரி என்றேன். அவள் பொறுமையாக, அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று சொன்னாள்.

6

அக்காவின் ஒன்பதாம் ஆண்டுத் திவசம் போன மாதம், ஒரு வியாழக்கிழமை. சுபா பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள், நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். விரதம் என்று மத்தியானம் சாப்பிடவில்லை. அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அன்று தலைவி எனக்கு ஒரு பயிற்சி தந்தார். பழைய காய்ச்சல் வைரஸ்களை ஆழ்குளிரில் குப்பிகளில் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் எடுத்ததோ அந்த ஊரின் பெயரும் வருடமும் குப்பியில் இருக்கும். எனக்குத் தரப்பட்டவை இரண்டு. ஒன்று, எனக்குப் பதின்மூன்று வயதானபோது உலகமெங்கும் வந்த காய்ச்சல். மற்றது அதற்கு நாலு வருடம் பிந்தியது. இவற்றோடு, முதல் காய்ச்சல் வந்து மாறியவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த இரத்தநீரும் தந்தார். இவர்களின் உடம்பு இரண்டாவதை அடையாளம் காணுமா என்று பார்க்க வேண்டும்.

செய்முறை எளிது. தட்டில் வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் இரத்தநீரை உப்புநீர் சேர்த்துப் படிப்படியாக ஐதாக்கி விட்டு, வைரஸை விட்டு, கோழி இரத்தத்தின் சிவப்புக் கலங்களை (செல்களை) விடுவோம். இரத்தநீர் வைரஸை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டால், சிவப்புக் கலங்கள் அமைதியாகக் கீழே இறங்கி, குழியின் அடியில் பொட்டு வைத்த மாதிரி நிற்கும். அடையாளம் காணாவிட்டால் பொட்டு விழாது. குழி முழுக்கச் சிவப்பு மங்கலாகப் படர்ந்து கிடக்கும்.

முதல் வரிசையில், பழைய வைரஸுக்கு, பொட்டுப் பொட்டாகக் கடைசி வரை ஓடியது. இரண்டாம் வரிசையில் முதல் குழியில் ஒரு பொட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். பிழை விட்டேனோ என்று இரண்டாம் முறையும் செய்தேன். அதே வரிசை, அதே ஒற்றைப் பொட்டு. முதல் காய்ச்சலைக் கண்ட உடம்புக்கு இரண்டாவது ஏறக்குறைய அந்நியம்.

என்ன நடந்தது என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? எங்கள் வகுப்பில் உயிரியல் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. முன்வாங்கில், முதல் பெஞ்சில், இருப்பவள் அதைப் பார்த்து எழுதுவாள். அவளுடையதைப் பார்த்து அடுத்தவள், அவளுடையதைப் பார்த்து அதற்கடுத்தவள். கடைசி வாங்கில் என் கொப்பிக்கு வரும்போது சில சொற்கள் மாறியிருக்கும். வைரஸும் நம் கலத்துக்குள் புகுந்து இப்படித்தான் தன்னைப் பார்த்தெழுதுகிறது, அதுவும் மிக அவசரமாக. பெரும்பாலான பிழைகள் அந்தப் படியையே கெடுத்துவிடும். எங்கோ ஒரு பிழை, உடம்பு அடையாளம் வைத்திருக்கும் அதன் மேற்பக்கத்தைச் சற்று மாற்றிவிடும். மற்றப் படிகளை உடம்பு பிடித்துக் கொல்லும், அது மட்டும் தப்பிப் பெருகும். அதற்குத் திட்டமோ தந்திரமோ ஒன்றுமில்லை. தப்பியது மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. இன்புளுவென்சாவின் மரபுச் செய்தி ஒரே சுருளாக இல்லை, எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. வேறு வேறு இன வைரஸ் இரண்டு ஒரே கலத்துக்குள் புகுந்தால், இரண்டின் துண்டுகளும் அங்கே குவியும். இரண்டு கப்பலின் சாமான் ஒரே கிட்டங்கியில் இறங்கினால் சில பெட்டி மாறி ஏறும் என்று அப்பா சொல்வார். அப்படி மாறி ஏறிய துண்டுகளோடு, முன்பு எவர் உடம்பும் காணாத ஒன்று வெளியே வரும். எனது பதின்மூன்றாம் வயதுக் காய்ச்சல் அப்படி, மனித வைரஸும் பறவை வைரஸும் கலந்து பிறந்தது என்று இங்கே நம்புகிறார்கள். நாலு வருடம் கழித்து வந்தது, அதே வைரஸ் பார்த்தெழுதிப் பார்த்தெழுதிச் சேர்த்துக்கொண்ட பிழைகளோடு வந்தது.

நான் தலைவியிடம் போய்க் கேட்டேன். “சின்னமுத்து, கொப்பளிப்பான் மாதிரி அம்மை வருத்தங்களும் இதுவும் ஒன்றா?”

அவர் பேனையை வைத்தார். “இல்லை. சின்னமுத்து வைரஸும் பார்த்தெழுதும்போது பிழை விடும். ஆனால் உடம்பு பார்க்கும் அதன் முகம் மாறுவதில்லை. ஏன் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. நல்ல கேள்வி. இதை எங்கே படித்தாய்?”

“என் அம்மா கேட்டது.”

“அவர் மருத்துவரா?”

“துறைமுகத்தில் சிந்துகிற தேயிலையைக் கூட்டுபவர்” என்றேன். குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

7

விஞ்ஞானம் படித்தவள் என்பதால் ஒன்றை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அக்காவைக் கொன்றது அந்தக் குப்பியில் இருப்பதுதான் என்று என்னால் நிரூபிக்க ஏலாது. அவள் தொண்டையில் பஞ்சு தொட்டு எடுக்க அங்கே யாரும் இருக்கவில்லை. ஆழ்குளிர்ப் பெட்டியில் எத்தனையோ ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன, திருகோணமலை இல்லை. அன்று பஸ் ஏறியிருந்தால் தப்பியிருப்பாள் என்றும் சொல்ல ஏலாது. வந்த முதல் நாளிலேயே தொற்றியிருக்கலாம்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அவளை மறித்தது அம்மா இல்லை. அதற்குத் தட்டும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். நான் அங்கே நின்றேன்.

ஒன்பது வருடம் அம்மா அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போய் வந்திருக்கிறார். சரியாகக் கேட்டவர் அவர். பிழையாகச் சொன்ன நான் விமானம் ஏறினேன்.

அத்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆகவே பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினேன். முதல் வரி: “அத்தான், அக்காவை மறிச்சது அம்மா இல்லை, நான்.” பிறகு பை, கொடியில் போட்ட சேலை, அம்மா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், முற்றத்தில் நான் வாய் திறக்காதது. வைரஸைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் அது எனக்கு நானே பேசும் வக்காலத்து ஆகிவிடும்.

கடைசியில் ஒரு வேண்டுகோள். “இதை நீங்களே பாலையூற்றுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. வேற ஆரும் வாசிக்க வேண்டாம். குசினி வாசலில வைச்சு வாசியுங்கோ. அண்டைக்கு அவ அங்கதான் நிண்டவ.”

அத்தான் போவாரா, அம்மா என்னை ஏசுவாரா, தெரியாது. இந்தக் குறிப்புகள் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அத்தானாவது அறிந்திருப்பார். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் முட்டைகளை அடைபெட்டியில் வைத்துவிட்டு, தபாற்கந்தோருக்கு நடந்து போய், கடிதத்தைப் பதிவுத் தபாலில் குச்சவெளிக்கு அனுப்பினேன்.